இலங்கையில் தனியாக, ரயிலில், குறைந்த செலவில்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது திருச்சியில். இலங்கைக்கு மூன்று முறை தனியாகப் போய் பெரும்பாலும் ரயிலிலேயே சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் உடன் வேலை செய்பவர்கள், சொந்தக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று பலரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

போறதுக்கு விசா வேணுமா? எப்படிப் போனா மலிவு?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஈ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதியை இணையத்தில் வாங்கிக்கொண்டு போகலாம். சாதாரணமாக 30 நாள் தங்க அனுமதி தருவார்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கட்டண விதி சில ஆண்டுகளாக அடிக்கடி மாறுகிறது. அதனால் பயணத்துக்கு முன் இலங்கை அரசின் சொந்தத் தளத்தில் பார்த்துவிடுங்கள். அதே பெயரில் கூடுதல் காசு வாங்கும் தனியார் தளங்களும் இருப்பதால் முகவரியைக் கவனியுங்கள்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு நேரடி விமானம் வந்துவிட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பலும் தொடங்கியது. நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். கப்பலை விட்டு இறங்கினால் இலங்கை ரயில்பாதையின் வடமுனை நிலையமே காங்கேசன்துறைதான். ஒன்று மட்டும், வடகிழக்குப் பருவமழை நாள்களில் கப்பலை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ரயில்ல மட்டுமே நாடு முழுக்கச் சுத்த முடியுமா?

முழுக்க முடியாது, ஆனால் பெரும்பகுதி முடியும். வடக்கே யாழ்ப்பாணம், காங்கேசன்துறை; வடமேற்கே தலைமன்னார்; கிழக்கே திருகோணமலையும் மட்டக்களப்பும்; நடுவில் கண்டி, அட்டன், பதுளை; தெற்கே காலி, மாத்தறை, பெலியத்தை. எல்லாம் கொழும்புக் கோட்டை நிலையத்தை மையமாக வைத்துப் பிரியும் பாதைகள். நம் ஊர் அகலப்பாதை அளவேதான் அங்கும்.

சீகிரியாவுக்கும் தம்புள்ளைக்கும் நிலையம் கிடையாது. ஹபரணையில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். நுவரெலியாவுக்குப் போக நானுஓயாவில் இறங்க வேண்டும். கதிர்காமம் போகிறவர்களுக்கு 2019-இல் மாத்தறையிலிருந்து நீட்டப்பட்ட பெலியத்தைதான் நெருக்கம், அங்கிருந்து பஸ்தான்.

முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு... எதுல ஏறுறது?

முதல் வகுப்பு பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டி, ஜன்னல் திறக்காது. இரண்டாம் வகுப்பில் மெத்தை இருக்கை, மின்விசிறி, திறக்கும் ஜன்னல். மூன்றாம் வகுப்பில் இருக்கை கொஞ்சம் நெருக்கம், கூட்டம் அதிகம். இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் முன்பதிவுப் பெட்டியும் உண்டு, முன்பதிவில்லாப் பெட்டியும் உண்டு. முன்பதிவில்லாத சீட்டை அன்றைக்கே கவுன்ட்டரில் வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் சில நூறு இலங்கை ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

நான் சொல்வது, இரண்டாம் வகுப்பு முன்பதிவில்லாப் பெட்டி. கண்டி – பதுளை மலைப்பாதையில் ஜன்னல் திறக்காத பெட்டியில் போவது வீண். பனி முகத்தில் அடிக்க வேண்டும், தேயிலை வாசனை உள்ளே வர வேண்டும். சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். இறங்கும் நிலையத்தின் வாசலில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் அபராதம்.

முன்பதிவு திறந்த உடனேயே எல்லாம் காலி ஆயிடுதே, என்ன பண்றது?

முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். ரயில்வேயின் இணையதளத்திலும் வாங்கலாம், பெரிய நிலையங்களிலும் வாங்கலாம். கண்டியிலிருந்து ‘எல்ல’ என்ற மலையூருக்குப் போகும் பாதையில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவது உண்மைதான். என் முதல் பயணத்தில் கண்டியில் ஒரு ஆட்டோக்காரர் சொன்னதை நம்பி, வெளியாளிடம் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். ஏறிப் பார்த்தால் பக்கத்து முன்பதிவில்லாப் பெட்டியில் நான்கு இருக்கை சும்மா இருந்தது. இப்போது முன்பதிவுக்குக் கடவுச்சீட்டு எண் கேட்கிறார்கள். வேறு பெயரில் வாங்கிய சீட்டு உங்களுக்கு உதவாமலே போகலாம். அதனால் வெளியில் வாங்கவே வாங்காதீர்கள்.

முன்பதிவில்லாமல் இடம் பிடிக்க ஒரே வழி, வண்டி கிளம்பும் நிலையத்திலேயே ஏறுவது. மலைப்பாதைக்கு எல்லோரும் கண்டியில் ஏறிப் பதுளைப் பக்கம் போகிறார்கள். நீங்கள் பஸ்ஸில் பதுளைக்குப் போய், அங்கிருந்து கொழும்புப் பக்கம் வரும் வண்டியில் ஏறுங்கள். கூட்டம் எல்லவில்தான் ஏறும், அதற்குள் உங்களுக்கு ஜன்னல் கிடைத்திருக்கும். கொழும்பில் தெற்கே போகும் பல வண்டிகள் கோட்டைக்கு ஒரு நிலையம் முன்னால் மருதானையிலிருந்தே வரும். கொழும்புக்காரர்கள் அங்கே போய் ஏறுவதன் காரணம் இதுதான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுற்றுலாவுக்காக விடும் சில வண்டிகளிலும் நகர்சேர் கடுகதிகள் (இன்டர்சிட்டி எக்ஸ்பிரஸ்) சிலவற்றிலும் முன்பதிவில்லாப் பெட்டியே இருக்காது. கவுன்ட்டரில் கேட்டுவிட்டுச் சீட்டு எடுங்கள்.

எனக்குச் சிங்களம் தெரியாது. தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும்தான். சமாளிக்கலாமா?

தாராளமாக. நிலையப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். வவுனியாவுக்கு வடக்கே எல்லாம் தமிழ்தான். மட்டக்களப்பிலும் அப்படியே. மலையகத்தில் அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் பெட்டிக்குள்ளேயே தமிழ் கேட்கும். அவர்கள் பேச்சு யாழ்ப்பாணப் பேச்சைவிட நம் பேச்சுக்கு நெருக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் நம் பக்கத்திலிருந்து போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். தலவாக்கலையில் ஏறிய ஒரு அம்மா, நான் திருச்சி என்றதும், தன் தாத்தாவின் ஊர் துறையூர்ப் பக்கம் என்று சொல்லி, மடியிலிருந்த பையைத் திறந்து எனக்கு ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தார். நாங்கள் நானுஓயா வரை பேசிக்கொண்டே போனோம்.

யாழ்ப்பாணத்தில் சில சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ‘வெளிக்கிட்டுட்டுது’ என்றால் கிளம்பிவிட்டது. ‘கதைக்கிறது’ என்றால் பேசுவது. ‘பேந்து’ என்றால் அப்புறம். ‘ஓம்’ என்றால் ஆமாம். வயதில் மூத்தவரை ‘அண்ணை’, ‘அக்கா’, ‘ஐயா’ என்று அழைத்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். எடுத்த எடுப்பில் ‘நீ’ போடாதீர்கள், அங்கே அது சட்டென்று உறைக்கும்.

அறிவிப்புல ஊர்ப்பேரே புரியல, தப்பான வண்டியில ஏறிட்டா?

இது பலருக்கு நடந்திருக்கிறது. காரணம், சிங்களத்தில் ஊர்ப்பெயர்கள் வேறு. கண்டியை ‘மஹநுவர’ என்பார்கள், சுருக்கமாக ‘நுவர’. யாழ்ப்பாணம் ‘யாபனய’. மட்டக்களப்பு ‘மடகலபுவ’. கோட்டை ‘கொட்டுவ’. ரயிலுக்குப் பேச்சில் ‘கோச்சிய’, தமிழிலும் ‘கோச்சி’ என்றே பலர் சொல்வார்கள். நடைமேடையில் நிற்பவரிடம் ‘மஹநுவர?’ என்று வண்டியைக் காட்டிக் கேட்டால் போதும், தலையசைத்துச் சொல்லிவிடுவார்கள்.

கண்டி விஷயத்தில் இன்னொன்று. பதுளைக்குப் போகும் எல்லா வண்டியும் கண்டி நகருக்குள் நுழைவதில்லை. சில, பேராதனைச் சந்தியிலேயே திரும்பி மலையேறிவிடும். கண்டிக்குச் சீட்டு எடுக்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேராதனையில் இறங்கிவிட்டாலும் கவலை வேண்டாம், கண்டிக்குப் பஸ் ஓயாமல் ஓடுகிறது.

மலைப்பாதையில எது பார்க்கத் தகுந்தது? எல்லோரும் ஒன்பது வளைவுப் பாலம்தான் சொல்றாங்க.

பாலம் அழகுதான், மறுக்கவில்லை. 1921-இல் திறந்தது, எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் அதன் அழகு வெளியில் நின்று பார்க்கும்போதுதான், வண்டிக்குள் இருந்தால் சில நொடிகளில் கடந்துவிடும். தெமோதரை இன்னும் வியப்பு. சரிவைச் சமாளிக்கத் தண்டவாளம் மலையைச் சுற்றி வந்து, தான் கடந்த நிலையத்துக்கே அடியில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. பாலத்தைப் பார்த்துவிட்டு எல்லவிலேயே திரும்பிவிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் இந்தப் பாதையின் உயிர் அட்டனுக்கும் ஹப்புத்தளைக்கும் நடுவில் இருக்கிறது. அட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம், அதைவிட்டு வெளியே வந்தால் தேயிலைச் சரிவும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகளும். நானுஓயாவுக்கு அப்பால் தேயிலை குறைந்து காடு வரும். பட்டிப்பொல நிலையம் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இலங்கையில் இதைவிட உயரத்தில் ரயில் நிலையம் இல்லை. ஓஹிய, இதல்கஸ்ஹின்ன என்று சின்னச் சின்ன நிலையங்கள், பூந்தொட்டி வைத்த நடைமேடைகள். ஹப்புத்தளை வரும்போது தரை சட்டென்று கீழே விழுந்து தெற்குச் சமவெளி முழுதும் தெரியும். 1867-இல் கண்டியைத் தொட்ட பாதை பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆனது. மலையைப் பார்த்தால் ஏன் அவ்வளவு காலம் என்று விளங்கும்.

எல்லவில் தங்காமல் ஹப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ தங்குங்கள். அறை வாடகை குறைவு, தமிழ்க் கடைகள் உண்டு.

வாசப்படியில உட்கார்ந்து போட்டோ எடுக்கலாமா? எல்லாரும் எடுக்கறாங்களே.

வேண்டாம். பாறையும் சுரங்கச் சுவரும் பெட்டிக்கு மிக அருகில் வரும் பாதை அது. வெளியே சாய்ந்து படம் எடுக்கப் போய் அடிபட்டு, விழுந்து இறந்த வெளிநாட்டவர்கள் உண்டு. உள்ளே நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். நான் அப்படித்தான் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன், ஒரு குறையும் தெரியவில்லை.

வண்டியில சாப்பாடு கிடைக்குமா? நான் சைவம்.

விற்பவர்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். கடலை, மாங்காய், பருப்பு வடை, இறால் வடை. ‘இஸ்ஸோ வடே’ என்று கூவினால் அது இறால், சைவக்காரர்கள் கவனிக்கவும். மதியத்துக்கு ஏறும் முன்பே கடையில் சோற்றுப் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். ‘மரக்கறிச் சாப்பாடு’ என்று கேட்க வேண்டும், அங்கே காய்கறிக்கு அதுதான் சொல். தேநீர் வேண்டுமென்றால் பால் இல்லாதது ‘பிளேன்டீ’.

சைவக்காரர்கள் ஏமாறும் இடம் சம்பல். தேங்காய்ச் சம்பலிலும் சில நேரம் பருப்புக் கறியிலும் மாசி போடுவார்கள். அது காய்ந்த மீன், பொடியாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ‘மாசி போட்டிருக்கா?’ என்று கேளுங்கள். தமிழ் ஊர்களில் ‘சைவக்கடை’ என்று பலகை இருந்தால் கவலையில்லை. யாழ்ப்பாணத்தில் இடியப்பமும் சொதியும் சாப்பிடாமல் வராதீர்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? நம்ம காசு, யூபிஐ எல்லாம் செல்லுமா?

நான் போனபோது ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்று முதல் மூன்றரை இலங்கை ரூபாய் வரை கிடைத்தது. பொதுப்படுக்கை அறையிலோ சின்ன விருந்தினர் வீட்டிலோ தங்கி, கடைச் சாப்பாடு சாப்பிட்டு, ரயிலிலும் பஸ்ஸிலும் போனால் ஒரு நாளுக்கு 2,000 முதல் 2,500 இந்திய ரூபாய்க்குள் எனக்கு முடிந்தது. அதில் ரயில் செலவுதான் மிகக் குறைவு. செலவை ஏற்றுவது நுழைவுக்கட்டணம். சீகிரியா, பொலன்னறுவை போன்ற இடங்களில் வெளிநாட்டவர் கட்டணம் டாலரில் இருக்கும். இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குச் சலுகை உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், கடவுச்சீட்டையும் காட்ட வேண்டும்.

யூபிஐ 2024 பிப்ரவரியில் அங்கே வந்துவிட்டது. கொழும்பில் பெரிய கடைகளில் பயன்படுத்தினேன். நிலையக் கவுன்ட்டரிலும் பஸ்ஸிலும் ரொக்கம்தான். சில்லறை நோட்டாக வைத்திருங்கள்.

பொண்ணு தனியாப் போறா, பயமில்லையா?

என் தங்கைக்காகவே இதை விரிவாக யோசித்திருக்கிறேன். அவள் போன ஆண்டு தனியாகப் போய் வந்தாள். பகல் நேர நெடுந்தூர வண்டிகளில் குடும்பங்கள் இருப்பார்கள், அவள் அவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ‘தனியாவா வந்தீங்க?’ என்ற கேள்வி ஓயாமல் வரும். பெரும்பாலும் அக்கறைதான். யாருக்கும் தங்கும் இடத்தின் பெயரை மட்டும் சொல்ல வேண்டாம்.

அவளுக்குத் தொந்தரவு வந்தது கொழும்பில் அலுவலக நேரக் கூட்டத்தில். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, மாலை நாலரைக்கு மேல் ஏழு வரை கொழும்பைச் சுற்றி ஓடும் வண்டிகளில் மூச்சுவிட இடமிருக்காது. அந்த நேரத்தைத் தவிர்க்க வேண்டும். யாராவது உரசினால் சத்தமாகச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் துணைக்கு வருவார்கள், அவளுக்கும் வந்தார்கள். சுற்றுலாக் காவல் எண் 1912, பொதுக் காவல் 119, ஆம்புலன்ஸ் 1990. ஊர் போய்ச் சேர்வது இருட்டுவதற்கு முன் என்று திட்டமிடுங்கள்.

இரவு வண்டியில போனா ஒரு ராத்திரி வாடகை மிச்சம்தானே?

நம் ஊர் மாதிரி மூன்றடுக்குப் படுக்கை என்று நினைத்துப் போகாதீர்கள். இரவுத் தபால் வண்டிகள் சிலவற்றில் முதல் வகுப்புப் படுக்கை மிகக் கொஞ்சம் உண்டு. மற்றபடி உட்கார்ந்தேதான் விடிய வேண்டும். கிழக்குப் பாதையில் ஹபரணை, கல்ஓயா பக்கம் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும். 2025 பிப்ரவரியில் ஒரே வண்டி மோதி ஆறு யானைகள் இறந்தன, மனம் பதறிய செய்தி அது. அங்கே வண்டி மெதுவாகப் போனால் எரிச்சல்படாதீர்கள். என் எண்ணம், இந்த நாட்டை இரவில் கடப்பது நஷ்டம்.

வண்டி ரத்தாச்சுன்னா? புயல்ல பாதை போயிடுச்சுன்னு சொன்னாங்களே?

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மண்சரிவும் வெள்ளமுமாக ரயில்பாதை பல இடங்களில் அறுந்தது. மலைப்பாதைக்குத்தான் அடி அதிகம். போகும் முன் எந்தப் பகுதி ஓடுகிறது என்று கட்டாயம் விசாரியுங்கள். அரசுத் தகவல் எண் 1919-இல் தமிழிலும் கேட்கலாம். பாதி தூரம் ரயில், மீதி பஸ் என்று போக வேண்டியிருந்தாலும் போங்கள். அந்த ஊர்களின் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இப்போது ஆள் வரவேண்டும்.

வேலைநிறுத்தமும் திடீரென்று வரும். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கோ கப்பலுக்கோ முந்தின நாளே அந்த ஊரில் இருந்துவிடுங்கள். சித்திரைப் புத்தாண்டு, கண்டிப் பெரஹரா ஊர்வலத் திருவிழா, பூரணை (பௌர்ணமி) விடுமுறையை ஒட்டிய வார இறுதி ஆகிய நாள்களில் முன்பதிவில்லாப் பெட்டியில் நான் மேலே சொன்ன தந்திரமெல்லாம் பலிக்காது.

கடற்கரைப் பாதை எப்படி?

கொழும்பிலிருந்து தெற்கே போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், அலை கிட்டத்தட்ட தண்டவாளத்தைத் தொடும். காலிக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியில் பெரலிய என்ற ஊர் வரும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஒரு முழு ரயிலையும் அங்கேதான் புரட்டிப்போட்டது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நினைவிடம் இருக்கிறது. நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் பார்த்த நமக்கு அங்கே யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணம் போகும்போது போரைப் பத்திக் கேட்கலாமா? படம் எடுக்கலாமா?

கொழும்பு – யாழ்ப்பாணம் ஓடும் யாழ்தேவி 1956-இல் ஓடத் தொடங்கிய வண்டி. 1990-இல் நின்றது. தண்டவாளமும் நிலையமும் போரில் அழிந்து, இந்தியாவின் இர்கான் நிறுவனம் மறுபடி போட்டுக்கொடுத்து, 2014 அக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது. இருபத்து நான்கு ஆண்டு. அந்தப் பெட்டியில் உங்களுக்கு எதிரே இருப்பவருக்கு அந்தக் காலம் முழுவதும் சொந்தக் கதை. நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் முழுக்கக் கேளுங்கள், நம் ஊர் அரசியல் கருத்தை நடுவில் வைக்காதீர்கள். கிளிநொச்சி தாண்டும்போது ஒரு பெரியவர் எனக்கு ஜன்னல் வழியே தன் பழைய வளவு (வீடும் அதைச் சுற்றிய நிலமும்) இருந்த திசையைக் காட்டினார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ராணுவ முகாமையும் சோதனைச் சாவடியையும் படம் எடுக்கக் கூடாது. வடக்கிலும் சரி, தெற்கிலும் சரி, புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது பெரிய அவமரியாதை.

எங்க தாத்தா மெட்ராஸ்ல ஏறிக் கொழும்புல இறங்கினேன்னு சொல்வாரே, அந்த வழியில இப்பப் போகலாமா?

அது போட் மெயில். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலில் கொழும்பு. ஒரே சீட்டு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் சிலகாலம் ஓடி, இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

இன்று அந்த வழியை முழுதாகத் தொடர முடியாது, ஆனால் இரண்டு கரையையும் ரயிலில் தொடலாம். தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் மறுபடி திறந்தது. மதவாச்சியில் பிரிந்து மடு, மன்னார் வழியாகப் போகும். கடைசி நிலையம் பழைய இறங்குதுறைக்குப் பக்கத்தில். அங்கே நடந்து போய்க் கடலைப் பாருங்கள். எதிர்ப்பக்கம் சுமார் முப்பது கிலோமீட்டரில் தனுஷ்கோடி. அன்றே திரும்பப் போகிறவர்கள் ஏறிய வண்டி எப்போது வெளிக்கிடும் என்று கார்டிடம் கேட்டுவிட்டு நடங்கள். அந்தப் பாதையில் வண்டிகள் குறைவு, தவறவிட்டால் மன்னாருக்குப் பஸ்தான்.